நிறமாலை எண்களிலிருந்து லேப், எஸ்ஆர்ஜிபி வரை: முதலில் வெள்ளையை ஓட்டிப் பாருங்கள்

ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை ஒரு நிறத்தின் மேல் வைத்து அழுத்தினால் அது உண்மையில் அளப்பது ஒரு வரிசை எண்களைத்தான். 400 நானோமீட்டரில் இவ்வளவு ஒளி திரும்பியது, 410-இல் இவ்வளவு என்று பத்துப் பத்தாக 700 வரை போனால் மொத்தம் 31 எண். 380-இல் தொடங்கி 730 வரை போகும் கருவி என்றால் 36. கூடவே வரும் மென்பொருள் லேப் மதிப்பையும் (எல் வெளிச்சம், ஏ பச்சை-சிவப்பு, பி நீலம்-மஞ்சள் என்று நிறத்தை மூன்று எண்ணில் சொல்வது) சொல்லிவிடும், ஆனால் அது எந்த ஒளிக்கு, எந்தப் பார்வையாளருக்குக் கணக்கிட்டது என்பது ஏதோ ஒரு மெனுவின் மூலையில் கிடக்கும். அதனால் ஒரு தடவையாவது இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பெருக்கல், கூட்டல், நடுவில் ஒரு கனமூலம், அவ்வளவுதான். ஸ்ப்ரெட்ஷீட்டே போதும்.

கணக்கு சுலபம்தான், ஆள் மாட்டிக்கொள்வது அட்டவணைகளைக் கலந்துவிடும்போது. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது வெள்ளைத் தாள் திரையில் பழைய காகிதம் மாதிரி மஞ்சளாக வந்தது. கருவியைச் சந்தேகப்பட்டேன், கருவி ஒப்பிட்டுப் பார்க்கும் வெள்ளை ஓடு என்ற துண்டைத் துடைத்துத் துடைத்து மறுபடி அளந்தேன், இரண்டு நாள் போச்சு. கடைசியில் பார்த்தால் டி50 என்ற அச்சு வேலை ஒளிக்குக் கணக்கிட்ட எண்களை டி65 என்ற பகல் ஒளிக்கான அணியில் (மேட்ரிக்ஸில்) போட்டிருக்கிறேன். அந்த மஞ்சள் எவ்வளவு மஞ்சள் என்று கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

முதலில் ஃபைலைத் திறந்து எண்களைக் கண்ணால் பாருங்கள். வெள்ளைத் தாளின் வரிசையில் 0.85, 0.88 என்று இருந்தால் பின்னம். 85, 88 என்று இருந்தால் சதவீதம், நூறால் வகுத்துக்கொள்ள வேண்டும். முதல் எண் எந்த அலைநீளத்துக்கு உரியது, எண்களுக்கு நடுவே இடைவெளி 10 நானோமீட்டரா 20-ஆ என்பதையும் அப்போதே குறித்துவிடுங்கள். சில ஃபைல்களில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கும், ஸ்ப்ரெட்ஷீட் அதை எழுத்து என்று நினைத்துச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். கருவிக்குள் இருக்கும் விளக்கு வேறு, கணக்கில் வரும் ஒளிமூலம் வேறு. கருவி ஒவ்வொரு அலைநீளத்திலும் மாதிரியிலிருந்து திரும்பிய ஒளியை வெள்ளை ஓட்டிலிருந்து திரும்பிய ஒளியோடு ஒப்பிட்டுத்தான் எண்ணைத் தருகிறது, எனவே உள்ளே இருப்பது டங்ஸ்டனா எல்இடியா என்பது அந்த வகுத்தலில் அடிபட்டுப் போகும். கையில் இருப்பது வெறும் பிரதிபலிப்பு விகிதம். எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பதைக் கணக்கில் நாம்தான் சேர்க்கிறோம். ஒளிரும் பொருள் கலந்த தாளுக்கு மட்டும் இது பொருந்தாது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கணக்குக்கு இரண்டு அட்டவணைகள் வேண்டும். ஒன்று ஒளிமூலத்தின் நிறமாலை: பகல் ஒளிக்கு டி65, அச்சு வேலைக்கு டி50, இழை பல்புக்கு ஏ. இன்னொன்று பார்வையாளர் அட்டவணை, அதாவது சராசரிக் கண் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்று சொல்லும் எக்ஸ்-பார், ஒய்-பார், இஸட்-பார் என்ற மூன்று பத்திகள். இதில் 1931-ஆம் ஆண்டின் 2 பாகை அட்டவணையும் 1964-இன் 10 பாகை அட்டவணையும் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது ரைட்டும் கில்டும் மொத்தமே 17 பேரை உட்காரவைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. இன்றைக்கு நம் எல்லார் திரையும் அந்தப் பதினேழு பேரின் கண்ணை நம்பித்தான் ஓடுகிறது என்பது யோசித்தால் வேடிக்கைதான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் அடைக்கும் இடம் சுமார் 2 பாகை, மூடிய முஷ்டி அடைப்பது சுமார் 10. அச்சிலும் திரையிலும் 2 பாகை வழக்கம், துணி, பெயின்ட் பக்கம் 10 பாகை. எஸ்ஆர்ஜிபிக்கு, அதாவது திரைகளின் சிவப்பு-பச்சை-நீல எண்களுக்கு, போகவேண்டும் என்றால் 2 பாகையை எடுங்கள், ஏனென்றால் எஸ்ஆர்ஜிபியின் வரையறையே அதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டு அட்டவணைகளும் சிஐஇ என்ற சர்வதேச ஒளி ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். உங்கள் எண்கள் பத்து நானோமீட்டர் இடைவெளியில் இருந்தால் அட்டவணையிலும் பத்துப் பத்தாக எடுத்துக்கொண்டால் போதும். ஒட்டும்போது ஒரு வரி இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கிற விபத்து, அதைப் பிடிக்க ஒரு வழி: டி65, டி50 இரண்டிலுமே 560-க்கு எதிரே சரியாக 100 இருக்க வேண்டும், ஒய்-பார் பத்தியில் 550-க்கும் 560-க்கும் எதிரே கிட்டத்தட்ட ஒரே எண், 0.995, இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் உச்சி 555-இல் இருக்கிறது. இரண்டும் இருந்தால் வரிசை சரி.

இப்போது கணக்கு. அந்த வரிசை எண்களை எக்ஸ், ஒய், இஸட் என்ற மூன்று எண்களாகச் சுருக்குகிறோம், இதில் ஒய் என்பது வெளிச்சம்.

ஒய் = 100 × (ஒளிமூலம் × பிரதிபலிப்பு × ஒய்-பார், எல்லா அலைநீளத்துக்கும் கூட்டியது) ÷ (ஒளிமூலம் × ஒய்-பார் மட்டும் கூட்டியது)

எக்ஸுக்கும் இஸட்டுக்கும் மேலே எக்ஸ்-பார், இஸட்-பார் வரும். கீழே வகுப்பது மட்டும் மூன்றுக்கும் ஒய்-பார் கூட்டுத்தொகைதான், இதை மாற்றக் கூடாது. ஒவ்வொன்றையும் அதனதன் கூட்டுத்தொகையால் வகுத்தால் வெள்ளை 100, 100, 100 என்று அழகாக வந்து நிற்கும், பார்க்கச் சரி மாதிரியே இருக்கும், அப்புறம் எல்லாமே தப்பு.

ஒரே ஓர் அலைநீளத்தை எடுத்துக் கிட்டத்தில் பார்ப்போம். இலைப் பச்சை மாதிரி ஒரு நிறம், 550 நானோமீட்டரில் 0.30 திரும்புகிறது என்று வையுங்கள். டி65 அங்கே 104.046, ஒய்-பார் 0.99495. இரண்டையும் பெருக்கினால் 103.52, அதை 0.30-ஆல் பெருக்கினால் 31.06. டி65-க்கு ஒளிமூலம் × ஒய்-பார் கூட்டுத்தொகை பத்து நானோமீட்டர் இடைவெளியில் சுமார் 1057. எனவே இந்த ஓர் அலைநீளம் மட்டும் ஒய் மதிப்பில் 100 × 31.06 ÷ 1057, அதாவது 2.9 அளவுக்குச் சேர்க்கிறது. அதே நிறம் 450-இல் 0.06 திரும்பினால்? டி65 அங்கே 117.008, ஒய்-பார் வெறும் 0.038, ஒய்-க்குப் போவது 0.03 கூட இல்லை. ஆனால் இஸட்-பார் அங்கே 1.772, ஆகவே இஸட்டுக்கு 1.2 அளவுக்குப் போகிறது. நீலப் பகுதியில் சிறு அளவீட்டுப் பிழை வந்தால் வெளிச்சம் அசையாது, நிறம் மட்டும் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே ஆடும் என்பதை இந்த இரண்டு எண்ணே சொல்லிவிடுகிறது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் மூன்று பத்திகளையும் ஒரே அடியாகப் பெருக்கிக் கூட்ட சம்புராடக்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, ஒரு செல்லில் முடிந்துவிடும்.

இனி என் ஒரே பிடிவாதம். உங்கள் மாதிரி எதையும் ஓட்டும் முன் பிரதிபலிப்புப் பத்தி முழுக்க 1 என்று நிரப்பி ஓட்டுங்கள். எல்லா ஒளியையும் அப்படியே திருப்பும் கற்பனை வெள்ளை அது. 2 பாகை, டி65 என்றால் எக்ஸ் 95.047, ஒய் 100, இஸட் 108.883 கிடைக்க வேண்டும். 10 பாகை, டி65 என்றால் 94.811, 100, 107.304. 2 பாகை, டி50 என்றால் 96.42, 100, 82.52. ஏ ஒளிக்கு 2 பாகையில் 109.85, 100, 35.585. இந்த நான்கு வரியையும் எங்காவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். நிறங்களைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அந்தச் சிவப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் மனப்பாடமாகத் தெரியாது; வெள்ளைக்கு மட்டும் விடை முன்னாலேயே தெரியும்.

உங்கள் கருவி 400-இலிருந்து 700 வரைதான் அளக்கிறது என்றால் எக்ஸும் இஸட்டும் ஆயிரத்தில் ஒன்று அளவுக்குக் குறைவாக வரும், பயப்படாதீர்கள், இரண்டு ஓரத்திலும் வெட்டுப்பட்ட பகுதிதான் அது. இதற்கு ஏஎஸ்டிஎம் இ308 என்ற தரநிலை சொல்லும் வழி, விடுபட்ட அலைநீளங்களின் எடைகளையெல்லாம் (ஒளிமூலம் × பார் எண்களை) கூட்டி ஓரத்து எண்ணின் தலையில் வைத்துவிடுவது, அதாவது 400-க்குக் கீழே இருப்பவையும் 400-இல் திரும்பிய அளவே திரும்பும் என்று எடுத்துக்கொள்வது. விடுபட்ட இடத்தில் பூஜ்யம் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். இடைவெளி 20 நானோமீட்டர் என்றால் நடுவில் நேர்கோடு போட்டு நிரப்பாதீர்கள், மேடுகள் மழுங்கிப் போகும். 20-க்கென்றே செய்த எடை அட்டவணை அதே தரநிலையில் இருக்கிறது, அல்லது ஸ்ப்ரேக் முறையில் இடைமதிப்புகளைக் கண்டுபிடிக்கலாம். பைத்தானில் எழுதுபவர்களுக்கு கலர் என்ற நூலகம் இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும், ஆனால் அதிலும் ஒளிமூலத்தையும் பார்வையாளரையும் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுங்கள், அதுவாக எதை எடுத்துக்கொள்கிறது என்று ஊகிக்காதீர்கள்.

லேப் பக்கம் வருவோம். எக்ஸ், ஒய், இஸட் மூன்றையும் வெள்ளையின் எக்ஸ், ஒய், இஸட்டால் வகுத்து, கிடைக்கும் மூன்று விகிதங்களுக்கும் கனமூலம் எடுங்கள். அப்புறம்,

எல் = 116 × ஒய் கனமூலம் − 16
ஏ = 500 × (எக்ஸ் கனமூலம் − ஒய் கனமூலம்)
பி = 200 × (ஒய் கனமூலம் − இஸட் கனமூலம்)

விகிதம் 0.008856-க்குக் கீழே போனால் கனமூலம் கிடையாது, அதற்குப் பதில் (903.3 × விகிதம் + 16) ÷ 116 என்று போட வேண்டும். கறுப்புக்குத்தானே, விட்டுவிடலாம் என்று தோன்றும். ஒய் 0.5 என்ற ஆழ்ந்த கறுப்புக்கு இந்த விதியோடு எல் 4.5, விதி இல்லாமல் 3.8. கறுப்பு மை ஒப்பிடுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

வகுக்கும் வெள்ளை எது என்பதில்தான் சறுக்கல். எந்த ஒளிக்கு, எந்தப் பார்வையாளருக்கு எக்ஸ்-ஒய்-இஸட் கணக்கிட்டீர்களோ அதே வெள்ளையால்தான் வகுக்க வேண்டும். டி50-க்குக் கணக்கிட்ட வெள்ளையை டி65 வெள்ளையால் வகுத்தால் எல் 100 சரியாகவே வரும், ஏ 2.4, பி 17.7 வரும். என் மஞ்சள் தாளின் ரகசியம் இதே கலப்படம்தான், ஒரு படி தள்ளி எஸ்ஆர்ஜிபியில் நடந்தது. அங்கே திரையில் 255, 252, 221 என்று வந்தது. பி 17.7 என்று நிற்கும்போது கண்ணுக்கே தெரிந்துவிடும், ஒருவகையில் நல்ல தப்பு. மோசமானது மற்றது: 10 பாகையில் கணக்கிட்டு 2 பாகை வெள்ளையால் வகுத்தால் வெள்ளைக்கு ஏ −0.4, பி 1.0 என்று வரும். திரையில் ஒன்றும் தெரியாது, தாள் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அந்தத் தப்போடு வாழலாம்.

லேப் சூத்திரத்தைச் சோதிக்க இன்னொரு எண்: எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு, எக்ஸ் 41.24, ஒய் 21.26, இஸட் 1.93. டி65, 2 பாகை வெள்ளையோடு இதற்கு லேப் 53.24, 80.09, 67.20 வர வேண்டும்.

எஸ்ஆர்ஜிபிக்கு டி65, 2 பாகை எக்ஸ்-ஒய்-இஸட் வேண்டும், அதை முதலில் நூறால் வகுத்துக்கொள்ளுங்கள். மறந்தால் எல்லாமே வெள்ளையாக வரும், உடனே தெரிந்துவிடும். பிறகு,

சிவப்பு = 3.2406 × எக்ஸ் − 1.5372 × ஒய் − 0.4986 × இஸட்
பச்சை = −0.9689 × எக்ஸ் + 1.8758 × ஒய் + 0.0415 × இஸட்
நீலம் = 0.0557 × எக்ஸ் − 0.2040 × ஒய் + 1.0570 × இஸட்

இவை நேர்கோட்டு மதிப்புகள், அப்படியே 255-ஆல் பெருக்கித் திரையில் போட்டால் படம் இருட்டாக இருக்கும். ஒவ்வொன்றும் 0.0031308 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 12.92-ஆல் பெருக்குங்கள், மேலே இருந்தால் 2.4-ஆம் மூலம் எடுத்து 1.055-ஆல் பெருக்கி 0.055 கழியுங்கள். அதற்குப் பிறகுதான் 255-ஆல் பெருக்கி முழு எண்ணாக்குவது. நடுவில் எங்கேயும் முழு எண்ணாக்காதீர்கள். சோதனைக்கு பிரதிபலிப்புப் பத்தி முழுக்க 0.18 போடுங்கள்: ஒய் 18, எல் 49.5, எஸ்ஆர்ஜிபியில் 118, 118, 118. மூன்றும் ஒன்றாக வராவிட்டால் வெள்ளைப்புள்ளி எங்கோ கலந்திருக்கிறது. மூன்றும் ஒன்றாக வந்து 118 வராவிட்டால் மூலம் எடுக்கும் படியில் தப்பு.

கையில் நிறமாலை இல்லாமல் டி50 லேப் மட்டும் இருந்தால் (ஃபோட்டோஷாப்பின் லேப் டி50-தான்) அதை எக்ஸ்-ஒய்-இஸட்டாகத் திருப்பி, பிராட்ஃபோர்ட் அணியால் (ஒரு வெள்ளைக்கான எண்களை இன்னொரு வெள்ளைக்கு மாற்றுவது) டி65-க்குக் கொண்டுவர வேண்டும். வரிசைப்படி அந்த அணி:

0.9556, −0.0230, 0.0632
−0.0283, 1.0099, 0.0210
0.0123, −0.0205, 1.3299

நிறமாலையே கையில் இருந்தால் நான் நேராக டி65 அட்டவணையைப் போட்டே கணக்கிடுவேன். ஆனால் இரண்டும் ஒரே விடை தராது, தரவும் வேண்டியதில்லை. நேராகக் கணக்கிடுவது, அந்தப் பொருள் டி65 வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு விடை. பிராட்ஃபோர்ட் வழி, டி50-இல் தெரிந்த தோற்றத்தை டி65 திரைக்குப் பழகிய கண்ணுக்குக் காட்டுவது. அச்சகத்து ஐசிசி புரொஃபைல்களோடு (ஒரு கருவியின் நிறங்களை விவரிக்கும் ஃபைல்கள்) பொருந்த வேண்டும் என்றால் இரண்டாவது வழியில்தான் போக வேண்டும்.

எஸ்ஆர்ஜிபியில் அடங்காத நிறங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைக் கணக்கு நேர்மையாகச் சொல்லும், நாம்தான் மறைத்துவிடுகிறோம். அச்சில் பல காலம் புழங்கிய சயான் இலக்கு டி50 லேப்பில் 55, −37, −50. இதை மேலே சொன்ன வழியில் கொண்டுபோனால் நேர்கோட்டுச் சிவப்பு −0.16 வருகிறது. எதிர்மறைச் சிவப்பை எந்தத் திரையும் காட்டாது, பூஜ்யமாக வெட்டிவிட்டு 0, 151, 218 என்று போடுவோம், அது அந்த மை இல்லை. எனவே வெட்டும் முன் எதிர்மறை இருக்கிறதா, 1-க்கு மேலே போகிறதா என்று பார்த்துத் தனிப் பத்தியில் ஒரு குறி போட்டு வையுங்கள். இரண்டு நிறங்களின் வித்தியாசக் கணக்கு (டெல்டா ஈ) எல்லாம் வெட்டாத லேப்பில்தான் செய்ய வேண்டும், எஸ்ஆர்ஜிபியிலிருந்து திருப்பி எடுத்த லேப்பில் இல்லை.

இப்போது முன்பு விட்டுவந்த விதிவிலக்கு. வெள்ளைத் தாளின் வரிசையில் 440 பக்கம் 1.05, 1.1 என்று வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தாளில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்கிறது. அதை 1-க்கு வெட்டாதீர்கள், அப்படியே ஓட்டுங்கள். ஆனால் அங்கே கருவியின் விளக்கில் எவ்வளவு புறஊதா இருந்தது என்பது விடையை மாற்றும். ஐஎஸ்ஓ 13655 சொல்லும் எம்0, எம்1, எம்2 என்ற நிலைகள் இதற்குத்தான்: எம்1 என்றால் புறஊதாவோடு சேர்ந்த டி50, எம்2 என்றால் புறஊதாவை வெட்டியது, எம்0 என்றால் பழைய டங்ஸ்டன் விளக்கு வகை. ஒரே தாளை எம்1-இலும் எம்2-இலும் அளந்து பி மதிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எம்1-இல் தாள் நீலத்தின் பக்கம் நகர்ந்திருப்பது தெரியும்.

திரையையோ விளக்கையோ அளந்திருந்தால் கணக்கு இன்னும் சிறியது. ஒளிமூலப் பத்தியே வேண்டாம், அளந்த ஒளியே ஒளிமூலம். டி65-ஆல் பெருக்கினால் வெளிச்சத்தை இரண்டு தடவை சேர்த்ததாகிவிடும். கதிர்வீச்சு அளவை பார் அட்டவணைகளால் பெருக்கிக் கூட்டி, நானோமீட்டர் இடைவெளியால் பெருக்கி, 683-ஆல் பெருக்கினால் ஒய் நேராக ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று வரும். லேப் வேண்டும் என்றால் அந்தத் திரையின் வெள்ளையையும் அளந்து அதை வெள்ளையாக வைத்து வகுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கருவியின் மென்பொருள் சொல்லும் லேப்போடு ஒப்பிடுங்கள், அதே ஒளி, அதே பார்வையாளர், அதே எம் நிலை என்று உறுதி செய்துகொண்டு. புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கத்தில் ஆடினால் அட்டவணை இடைவெளி, ஓரத்து எடை மாதிரியான சமாச்சாரம், விட்டுவிடலாம். வெள்ளையில் பி ஒன்று தள்ளி நின்றால் பார்வையாளரைப் பாருங்கள், பதினேழு தள்ளி நின்றால் ஒளிமூலத்தை. நான் இப்போது சேமிக்கும் ஒவ்வொரு ஃபைலிலும் பத்தித் தலைப்பு வெறும் லேப் என்று இருக்காது, லேப்_டி50_2_எம்1 என்று இருக்கும், பக்கத்திலேயே அசல் 31 எண்களும் இருக்கும். நாளைக்கு யாராவது ஏ ஒளியில் இந்த இரண்டு துண்டும் பொருந்துமா என்று கேட்டால் அந்த எண்களிலிருந்து மட்டும்தான் பதில் சொல்ல முடியும், லேப்பிலிருந்து முடியாது.